பிச்சைக்காரன் குற்றவாளியா?

(ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இக்கூட்டத்தில் இலக்கியத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்று வாசகசாலைத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். இலக்கியம் என்றால் ராஜாவையும், ராணியையும், சண்டையையும், காதலையும் பற்றிக் கேட்கலாமென்று நீங்கள் வந்திருப்பீர்கள். ஆனால் நாம் இன்று பிச்சைக்காரனைப் பற்றிப் பேசலாமென்று நினைக்கிறோம். ராஜா இல்லாத இலக்கியங்கூட உண்டு. பிச்சைக்காரன் எட்டிப் பார்க்காத இலக்கியம் எந்தத் தேசத்திலும் அதிகமாக இல்லை. அப்படியிருந்தும் அவனைப் பற்றித் தனியாக யாரும் மேடையில் பேசுவதில்லை.

இந்த விஷயத்தை எடுத்துக் கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் ஒரு கிழவி நம்மிடம் கை நீட்டினாள். நாம் பகுத்தறிவு பேசுகிறவர்களல்லவா? பிச்சை போட்டால் சோம்பேறித்தனம் வளரும் என்று பல மேடைகளில் பேசியிருக்கிறோமல்லவா? அந்த வழக்கத்தில், "ஏனம்மா, உழைத்துச் சாப்பிடலாகாதா?" என்று கேட்டு விட்டோம். அந்த அம்மாள் கோபித்துக் கொள்ளவில்லை. கையைத் திருப்பி நம் முகத்துக்கு நேரே காட்டினாள். "நாப்பது வருசம் நாத்து நட்ட கைதான் சாமி இது. இப்ப எந்த வயல்ல என்னைக் கூப்பிடுறாங்க?" என்றாள். சேற்றுப் புண் ஆறிய தழும்பு விரலிடுக்கெல்லாம் இருந்தது. நாம் காசு கொடுத்தோம். ஆனால் அவள் கேட்டது காசு மாத்திரமல்ல, ஒரு கேள்வியும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இந்த மேடைக்கு வந்து நிற்கிறோம்.

ஆகவே, பிச்சைக்காரன் என்பவன் யார்? அவன் சோம்பேறியா, பாவியா, குற்றவாளியா? அல்லது வேறு யாரோ செய்த குற்றத்துக்குச் சாட்சியா? இதைக் கதைகள் என்ன சொல்லுகின்றன, சரித்திரம் என்ன சொல்லுகிறது என்று சற்றுப் பார்ப்போம்.

முதலில் புராணங்களைப் பாருங்கள். நம் புராணங்களில் பெரிய பிச்சைக்காரர்கள் எல்லாரும் கடவுள்களே! மகாபலியிடம் மூன்றடி மண் பிச்சை கேட்டுப் போனவர் யார்? மகாவிஷ்ணு. கர்ணனிடம் பார்ப்பன வேஷத்தில் போய், அவன் உடம்போடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் பிச்சை கேட்டவர் யார்? தேவேந்திரன். இவர்கள் இருவருக்கும் பசியா? வீட்டில் அடுப்பு எரியவில்லையா? கேட்டது சோறா, கஞ்சியா? ஒருவர் ராஜ்யத்தையே வாங்கிக் கொண்டார். மற்றவர் ஒரு வீரனுடைய உயிர்க்காப்பை வாங்கிக் கொண்டார். கொடுத்தவர்கள் கெட்டார்கள். வாங்கினவர்கள் கடவுள்களாகவே இருக்கிறார்கள். இவர்களை யாரும், "ஏன் உழைத்துச் சாப்பிடவில்லை?" என்று கேட்டதாக எந்தப் புராணத்திலும் காணோம்.

பரமசிவனுக்குப் பிட்சாடனர் என்றே ஒரு மூர்த்தம் உண்டு. கையில் ஓடு ஏந்தி, பிச்சைக்குப் புறப்பட்ட கோலம். சென்னை மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் அந்தக் கோலத்துக்கு ஊர்வலம் நடத்துகிறார்கள். நகையும், மேளமும், மாலையுமாகப் பிச்சைக்காரர் வருகிறார். ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று கும்பிடுகிறார்கள். அதே கோவில் வாசலில் நிஜமான ஓட்டை நீட்டிக் கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தால், "தள்ளிப் போ, வழியை மறிக்காதே" என்கிறார்கள். ஓடு ஒன்றுதான். வெண்கலத்தில் இருந்தால் கும்பிடு, கையில் இருந்தால் விரட்டு. இது எவ்வளவு ஞாயம் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

மனுதர்ம சாஸ்திரத்தைப் பார்த்தாலோ, தானம் வாங்குவதைப் பார்ப்பனருக்குரிய ஆறு தொழில்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. மற்ற வர்ணத்தாருக்குத் தானம் கொடுப்பது உண்டு, வாங்குவது தொழிலாக இல்லை. சூத்திரனுக்கோ மேல் மூவருக்கும் ஊழியம் செய்வதே தொழில். அதாவது, கை நீட்டுவதிலும் ஜாதி உண்டு. உயர்ந்த கை நீண்டால் அதற்குப் பெயர் தானம் வாங்குவது. நாத்து நட்ட கை நீண்டால் அதற்குப் பெயர் பிச்சை. முன்னதில் கொடுக்கிறவன் கீழே விழுந்து கும்பிட வேண்டும். பின்னதில் வாங்குகிறவன் கும்பிட வேண்டும்.

இது நம் தேசத்துக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று நினைத்து விடாதீர்கள். கிரேக்கரின் பழைய காவியமாகிய ஒடிஸியில், ஒடிஸியஸ் என்ற ராஜா கந்தலைக் கட்டிப் பிச்சைக்கார வேஷத்தில் தன் சொந்த அரண்மனைக்கே வருகிறான். அங்கே ஐரஸ் என்று ஓர் உண்மையான பிச்சைக்காரன் இருக்கிறான். அரண்மனையில் தின்று கொழுத்துக் கிடந்த பிரபுக்கள் வேடிக்கைக்காக இந்த இரண்டு பேரையும் சண்டையிட விடுகிறார்கள். வேஷக்காரன் உண்மைக்காரனுடைய எலும்பை உடைத்து விடுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். வேஷம் போட்ட பிச்சைக்காரனுக்குக் காவியம், உண்மைப் பிச்சைக்காரனுக்கு உதை! உலகத்துப் பெரிய கதைகள் பலவற்றின் போக்கு இதுவாகத்தான் இருக்கிறது.

நிற்க, நம் பழந்தமிழ் நூல்களில் இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு என்பதை நாம் மறைக்கக் கூடாது. பத்துப்பாட்டு என்ற தொகுப்பில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றில் ஒன்றாகிய திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிகாட்டுவது. மற்ற நான்கும் பாணன், பொருநன், கூத்தன் ஆகிய ஏழைக் கலைஞர்களுக்கு, எந்த அரசனிடம் போனால் வயிறு நிறையும் என்று வழி சொல்லுகிறவை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு சமையற்கட்டு வருகிறது. கூரை இற்று விழுந்த கட்டு. அதற்குள் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகளுக்குக் கொடுக்கத் தாய் நாயிடம் பால் இல்லை. பசியால் மெலிந்த வீட்டுக்காரி, குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அவள் செய்கிற காரியத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சாப்பிடும்போது கதவைச் சாத்திக் கொள்ளுகிறாள். ஏன்? பிறர் பார்த்து ஏளனமாகப் பேசி விடுவார்களே என்ற வெட்கத்தால்.

தோழர்களே! இரண்டாயிரம் வருஷத்துக்குச் சற்று முன்பின்னாகப் பாடிய ஒரு புலவனுக்குத் தெரிந்த விஷயம் இது. பட்டினி கிடக்கிறவளுக்கும் மானம் உண்டு. நம் காலத்தில் மோட்டாரில் உட்கார்ந்து கொண்டு, கண்ணாடியை ஏற்றி விட்டு, "இவர்களுக்கு வெட்கமே கிடையாது" என்று சொல்லுகிறவர்களுக்கு அது தெரியவில்லை. வெட்கம் இல்லாததால் ஒருவன் கை நீட்டுவதில்லை. வெட்கத்தைப் பசி தின்று தீர்த்த பிறகுதான் கை நீள்கிறது.

வள்ளுவர் இந்த விஷயத்துக்கு இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கியிருக்கிறார். 106வது அதிகாரம் இரவு, 107வது அதிகாரம் இரவச்சம். தாகத்தால் சாகப் போகிற பசுவுக்காகத் தண்ணீர் கேட்டாலும், கேட்கிற நாக்குக்கு அதைவிட இழிவு வேறில்லை என்கிற கருத்து அவருடையது. அதோடு விட்டாரா? பிச்சை எடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டும் என்று இவ்வுலகம் ஏற்பட்டிருக்குமானால், அப்படி ஏற்படுத்தினவன் எவனோ அவனே அலைந்து கெடட்டும் என்று சாபங்கொடுத்து விட்டார். அவர் சபித்தது பிச்சைக்காரனையல்ல. பிச்சைக்காரனை உண்டாக்கிய ஏற்பாட்டை. நம் பண்டிதர்கள் இந்தக் குறளுக்கு வந்ததும் ஏதேதோ சமாதானம் சொல்லிக் கடந்து போவார்கள். நாம் அங்கேதான் நிற்க வேண்டும் என்கிறோம்.

ஆனால் பழந்தமிழ் நாட்டில் எல்லாம் சரியாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பாணனுக்கு யானையும் பொற்பூவும் கொடுத்த அரசன், அதைப் பெரும்பாலும் எங்கிருந்து கொண்டு வந்தான்? பக்கத்து நாட்டைக் கொள்ளையடித்துக் கொண்டு வந்தான். அங்கே எரிந்த வயலுக்குரியவன் மறுநாள் யாரிடம் போய்க் கை நீட்டினான் என்று எந்தப் புலவனும் ஆற்றுப்படை பாடவில்லை. கொடுப்பதும் அரசனுடைய மனம்போல. கொடுத்தால் வள்ளல், கொடுக்காவிட்டால் கேட்பாரில்லை. ஒருவனுடைய நல்ல மனசை நம்பி ஊராருடைய வயிறு இருக்குமானால், அது தர்மமாக இருக்கலாம். ஞாயமாகாது.

இனி மணிமேகலைக்கு வருவோம். அதில் ஆபுத்திரன் என்று ஒருவன் வருகிறான். தாய் விட்டுப் போன குழந்தை. பார்ப்பனர் வீட்டில் வளர்ந்தவன். யாகத்தில் வெட்டுவதற்காகக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்து விட்டதற்காக அடித்து விரட்டப்பட்டவன். அவன் மதுரைக்குப் போய் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறான். எடுத்து என்ன செய்தான்? குருடர், செவிடர், முடவர், நோயாளிகள், நாதியற்றவர் எல்லாரையும் கூப்பிட்டு முதலில் அவர்களைச் சாப்பிட வைத்து, மிச்சத்தைத் தான் தின்று, ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். அவனுக்குத்தான் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி கிடைத்தது என்று கதை.

அமுதசுரபியை நம்புவதா வேண்டாமா என்பது கிடக்கட்டும். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இந்திரன் கொடுக்க வந்த வரத்தை இவன் சிரித்துத் தள்ளியதால் இந்திரனுக்குக் கோபம் வந்து விட்டது. இவனை ஒழிக்க இந்திரன் என்ன செய்தான்? ஓட்டை உடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் மழையில்லாதிருந்த பாண்டி நாட்டில் நல்ல மழை பெய்யச் செய்தான். அவ்வளவுதான். வயல் விளைந்தது, ஜனங்களுக்குச் சோறு கிடைத்தது, ஆபுத்திரனிடம் சாப்பிட ஒருவரும் வரவில்லை. அவன் அமுதசுரபியைக் கையில் வைத்துக் கொண்டு, பசித்தவர் உண்டா, பசித்தவர் உண்டா என்று தேடி அலைந்தான். கண்டவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்!

இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? பிச்சைக்காரன் சோம்பேறித்தனத்தால் உண்டாகிறவனாயிருந்தால், மழை பெய்த பிறகும், இலவசச் சோறு கிடைக்கிற இடத்துக்குக் கூட்டம் வந்து கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கதையைக் கட்டினவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வேலையும் விளைச்சலும் இருந்தால் ஓசிச் சோற்றுக்கு ஆள் வராது. அதே நூல் பசிக்கும் துன்பத்துக்கும் முற்பிறப்பின் வினையைக் காரணமாகச் சொல்லுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் சொல்லுகிறது. ஆனால் மழை பெய்தவுடன் மதுரைக்காரர் எல்லாருடைய முற்பிறப்பு வினையும் ஒரே நாளில் எங்கே போயிற்று? நூலின் கதையே நூலின் வேதாந்தத்துக்குப் பதில் சொல்லி விடுகிறது.

அந்த நூலில் இன்னொரு இடம் உண்டு. மணிமேகலையிடம் என்ன வேண்டுமென்று சோழ அரசன் கேட்கிறான். அவள் நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. சிறைச்சாலையை இடித்து அதை அறச்சாலையாக்க வேண்டும் என்று கேட்கிறாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஏனெனில் இனி நாம் சொல்லப் போகிற சரித்திரமெல்லாம் இதற்கு நேர்மாறானது. அறச்சாலையைச் சிறைச்சாலையாக்கிய சரித்திரம்.

நம்மை நெடுங்காலம் ஆண்ட இங்கிலீஷ்காரனுடைய தேசத்தைப் பார்ப்போம். 1348ம் வருஷத்தில் அங்கே கொள்ளை நோய் வந்து ஜனங்கள் கூட்டங் கூட்டமாகச் செத்தார்கள். கூலிக்கு ஆள் அகப்படவில்லை. மிஞ்சின கூலிக்காரன் அதிகக் கூலி கேட்டான். உடனே 1349ல் உத்தரவு வந்தது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும். உடம்பில் வலுவுள்ளவனுக்கு யாரும் பிச்சை போடக் கூடாது. ஏன் போடக் கூடாது? தர்மத்துக்காகவா? இல்லை. பசியைக் காட்டிக் குறைந்த கூலிக்கு இழுப்பதற்காக. "பிச்சை போடாதே" என்ற உபதேசத்தின் பூர்வோத்திரம் இதுதான் என்பதை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு, ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை வந்ததால், பிரபுக்கள் குடியானவர்களைத் துரத்தி விட்டு நிலங்களுக்கு வேலி போட்டு ஆடு வளர்த்தார்கள். சாதுவான ஆடு மனிதர்களைத் தின்கிற மிருகமாகி விட்டது என்ற கருத்தில் தாமஸ் மூர் என்ற அறிஞர் 1516ல் எழுதினார். 1536 முதல் மடங்களும் கலைக்கப்பட்டன. அங்கே கிடைத்த சோறும் போயிற்று. ஆக, நிலத்தைப் பிடுங்கி, வேலையைப் பிடுங்கி, மடத்துச் சோற்றையும் பிடுங்கி ரோட்டில் விட்டதோடு, ரோட்டில் நிற்பது குற்றம் என்றும் சட்டம் செய்தார்கள். 1531ம் வருஷத்துச் சட்டப்படி கிழவனும் நோயாளியும் பிச்சை எடுக்க லைசென்சு வாங்க வேண்டும். வலுவுள்ளவன் எடுத்தால் வண்டியில் கட்டிச் சவுக்கடி. 1547ம் வருஷத்துச் சட்டப்படி மார்பில் சூடு போட்டு, பிடித்துக் கொடுத்தவனுக்கே இரண்டு வருஷம் அடிமை. ஓடிப் போனால் ஆயுள் அடிமை. அந்தக் கொடுமை தாங்க முடியாமல் சில வருஷத்தில் அதை ரத்து செய்தார்கள். 1572ல் காதைத் துளைக்கச் சொன்னார்கள்.

இத்தனை சூடும் துளையும் போட்டுப் பிச்சைக்காரன் ஒழிந்தானா? ஒழியவில்லை. 1601ல் ஒவ்வொரு பாரிஷும் வரி வசூலித்துத் தன் ஏழைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. 1834ல் அதையும் கடுமையாக்கினார்கள். உதவி வேண்டுமானால் வேலைச்சாலைக்குள் வந்து அடைபட வேண்டும், அங்கே புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஏற்படுத்தினார்கள். கடைசியாக எது பலித்தது தெரியுமா? 1909ம் வருஷம் ஜனவரி 1ந் தேதி முதல், 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரையில் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில வருஷத்துக்குள் பாரிஷ் உதவிக்குக் கையேந்தி நின்ற கிழவர்களின் தொகை வெகுவாகக் குறைந்து விட்டது. ஐந்நூறு வருஷம் சவுக்கு செய்ய முடியாததை ஐந்து ஷில்லிங் செய்தது!

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள் பல லட்சம். அப்போது சர்க்காரால் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்பவர், பஞ்ச நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று திட்டம் போட்டார். மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று சென்னைச் சுகாதாரக் கமிஷனராயிருந்த கார்னிஷ் என்ற டாக்டரே சண்டை போட்டார். அதிகம் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறியாவார்கள் என்ற பயம் சர்க்காருக்கு. செத்துக் கொண்டிருக்கிறவன் சோம்பேறியாகி விடுவானே என்று கவலைப்பட்ட சர்க்கார் அது!

1943ல் வங்காளப் பஞ்சம். 20 முதல் 30 லட்சம் வரை ஜனங்கள் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். கல்கத்தா வீதியில் கிராமத்து ஜனங்கள் வந்து நின்று சோறு கேட்கவில்லை. சோறு கிடைக்காது என்று அவர்களுக்குத் தெரியும். வடித்த கஞ்சித் தண்ணீராவது ஊற்றுங்கள் என்று கேட்டார்கள். இவர்கள் யார்? நெல் விளைவித்தவர்கள், மீன் பிடித்தவர்கள், கூலிக்காரர்கள். ஊரார் சாப்பிட்டதெல்லாம் இவர்கள் கையால் விளைந்தது. அதே 1943ல் வங்காளத்தில் பிச்சைக்காரரைப் பிடித்து அடைக்கிற சட்டம் ஒன்றும், கல்கத்தா வீதியிலிருந்து ஏதிலிகளை அப்புறப்படுத்துகிற அவசரச் சட்டம் ஒன்றும் வந்தன. சென்னை மாகாணத்திலும் 1945ல் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

வெள்ளைக்காரன் போன பிறகாவது புத்தி வந்ததா? 1959ல் பம்பாயில் ஒரு சட்டம் செய்தார்கள். பின்னால் அதை டில்லிக்கும் நீட்டினார்கள். அந்தச் சட்டப்படி, தர்மம் கேட்கிறவன் மாத்திரம் பிச்சைக்காரனல்ல. பொது இடத்தில் பாடியோ, ஆடியோ, ஜோசியம் சொல்லியோ, வித்தை காட்டியோ காசு வாங்குகிறவனும் பிச்சைக்காரன். பிழைப்புக்கு வழியில்லாமல் சுற்றித் திரிந்து, தர்மத்தால் பிழைக்கிறவன்போல் காணப்பட்டால் அவனும் பிச்சைக்காரன். முதல் தடவை அகப்பட்டால் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை அடைக்கலாம். மறுபடி மறுபடி அகப்பட்டால் பத்து வருஷம் வரை போகலாம்.

சற்று யோசித்துப் பாருங்கள். நம் பாணனும், பொருநனும், கூத்தனும், விறலியும் யாழைத் தூக்கிக் கொண்டு அந்தச் சட்டம் நடக்கிற ஊருக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்துப்பாட்டில் பாதி லாக்கப்பில் இருந்திருக்கும்! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலக்கியமென்று எதைச் சொல்லிக் கொடுக்கிறோமோ, அதையே வீதியில் குற்றமென்று பிடித்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் 2018ம் வருஷம் ஆகஸ்டு 8ந் தேதி டில்லி ஹைக்கோர்ட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. டில்லியைப் பொறுத்த வரையில், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்குகிற பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று செல்லாமலாக்கியது. ஜனங்கள் ஆசைப்பட்டுப் பிச்சை எடுப்பதில்லை, வேறு வழியில்லாமல் எடுக்கிறார்கள், வழி செய்து கொடுக்காத சர்க்கார் அவர்களைத் தண்டிப்பது ஞாயமல்ல என்பது அதன் கருத்து. வள்ளுவர் சபித்த இடத்துக்குக் கோர்ட்டு வந்து சேர இவ்வளவு காலம் ஆயிற்று.

இனி நம் தோழர்கள் சிலர் கேட்கப் போகிற கேள்வி நமக்குத் தெரியும். "குழந்தைகளைப் பிடித்து வைத்துப் பிச்சைக்கு விடுகிற கூட்டம் இல்லையா? காவி கட்டி ஊரை ஏமாற்றுகிறவன் இல்லையா?" என்பார்கள். இருக்கிறார்கள். இல்லை என்று யார் சொன்னது? பிறரைப் பிச்சைக்கு விட்டுப் பிழைக்கிற கூட்டத்தை ஒடுக்கத் தனிச் சட்டம் செய்யலாம் என்று அந்தத் தீர்ப்பே சொல்லுகிறது. குழந்தையைப் பிச்சைக்கு விடுகிறவனைப் பிடியுங்கள். குழந்தையைப் பிடிக்காதீர்கள். காவியைக் காட்டி ஏமாற்றுகிறவனுக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கோபத்தை நாத்து நட்ட கையின்மேல் காட்டாதீர்கள். 2011ம் வருஷத்து ஜனக்கணக்கில் பிச்சை எடுப்போரும் நாடோடிகளுமாக 4 லட்சத்து 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை எழுதியிருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் கூடி ஒரு வருஷத்தில் நம்மிடம் வாங்குகிற காசு எவ்வளவு? கோவில் உண்டியலிலும், திவசத்திலும், கும்பாபிஷேகத்திலும் நாம் யாரும் கேட்காமலே கொண்டு போய்க் கொட்டுவது எவ்வளவு? இரண்டாவதைக் கொட்டும்போது, "வாங்குகிறவன் சோம்பேறியாகி விடுவானே" என்று ஒருவருக்கும் கவலை வருவதில்லை.

"அப்படியானால் பிச்சை போடச் சொல்லுகிறாயா?" என்றால், பசித்தவனுக்குச் சோறு கொடுக்காமல் தத்துவம் பேசுகிறவன் பகுத்தறிவுக்காரனல்ல, கஞ்சன் என்போம். ஆனால் கொடுத்ததோடு புண்ணியம் வந்து விட்டது, மோட்சத்தில் இடம் கிடைத்து விட்டது என்று நினைக்கிறவனும் அறிவுள்ளவனல்ல. ஒருவன் புண்ணியம் சம்பாதிப்பதற்காக இன்னொருவன் எப்போதும் பட்டினியாகவே இருந்து வர வேண்டுமா? பிச்சைக்காரன் இல்லாவிட்டால் இந்தப் புண்ணியவான்கள் எல்லாரும் ஆபுத்திரனைப்போல் ஓட்டை வைத்துக் கொண்டு அலைய வேண்டியதுதான்!

பிச்சையை ஒழிக்கிற வழி பிச்சையை உரிமையாக்குவது. இது கனவல்ல. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1920ல் சென்னை நகரசபை, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டது. பின்னால் அது நின்று போனாலும், 1956ல் காமராசர் காலத்தில் மதிய உணவு மாகாணமெங்கும் பரவியது. 1982ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாக விரிந்தது. அந்தச் சோறு இல்லாவிட்டால் எத்தனை பிள்ளைகள் சிலேட்டுக்குப் பதில் ஓட்டைத் தூக்கியிருக்கும்! தட்டில் விழுகிற சோறு ஒன்றுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளை யாரையும் "சாமி" என்று கூப்பிட வேண்டியதில்லை. பாணன் பெண்சாதியைப்போல் கதவைச் சாத்திக் கொள்ள வேண்டியதுமில்லை. அமுதசுரபியைத் தெய்வம் கொண்டு வந்து கொடுக்கவில்லை. வரிப்பணத்தில் செய்தோம்.

வயதானவர்களுக்கும் 1962 முதல் நம் மாகாணத்தில் முதியோர் பென்ஷன் திட்டம் ஏற்பட்டிருக்கிறது. பஸ் நிலையத்துக் கிழவியிடம், "உனக்கு அந்தப் பணம் வரவில்லையா?" என்று இரண்டாவது தடவை கேட்டோம். யாரோ மனுப் போடச் சொன்னார்களாம். என்ன எழுதுவது, எங்கே கொடுப்பது, எந்தக் காகிதம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் ஊருக்குச் சோறு விளைவித்தவளுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க ஊரில் ஆளில்லை. அவள் கேட்ட கேள்விக்கு நம்மிடம் உள்ள பதில் இதுதான், தோழர்களே! வயலில் கூப்பிடாத கையை மேடையில் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கைக்குச் சேர வேண்டியதைச் சேர்த்து வைப்பதுதான் நம் வேலை.

ஆகவே, ஆண்டு விழா நடத்துகிற இந்த வாசகசாலைத் தோழர்களுக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுத்து முடித்துக் கொள்ளுகிறோம். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்த மேஜையைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டு, இரண்டு பேர் பேனாவோடு உட்காருங்கள். கிழவர், கிழவி, விதவை, முடவர் யார் வந்தாலும் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுங்கள். தாலுகா ஆபீசுக்குக் கூட்டிக் கொண்டு போங்கள். பதில் வரும் வரையில் விடாதீர்கள். அந்த அம்மாளை நாளைக் காலையில் இங்கே வரச் சொல்லியிருக்கிறோம். முதல் மனு அவளுடையதாக இருக்கட்டும்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க அரசனிடம் போய்க் கேட்டாள் மணிமேகலை. இன்று அரசன் இல்லை. ஓட்டுப் போடுகிற நாம்தான் இருக்கிறோம். ஆதலால் கேட்க வேண்டியவர்களும் நாம்தான், செய்ய வேண்டியவர்களும் நாம்தான். இதை நன்றாக யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள். நாம் சொன்னதற்காகச் செய்ய வேண்டாம்.